சந்தின் குறுக்கே ஒரு பெஞ்சு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டிவலி எல்லாம் தையல் மெஷினுக்குத்தான், மிதித்தால் முனகுகிறது. உன் இருமல் விட்டதா? போனில் பேசினால் நம் இருவருக்கும் பேச்சு வருவதில்லை, அப்பா புத்தி. அதனால் எழுதுகிறேன்.

பெஞ்சு போட்டாயிற்று. ஜனவரி முதல் ஞாயிறு, சந்தின் குறுக்கே, காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை, அப்பா வைத்த வழக்கப்படி.

இந்த வருஷம் ஒரு புதுமை. நம் சந்தைக் கேட்டு ஒருவர் வந்தார். பளபளவென்று ஷூ போட்ட புரோக்கர். இடதுபக்க வீட்டையும் வலதுபக்க வீட்டையும் ஒரே கட்டடக் கம்பெனி வாங்கிவிட்டதாம். "நடுவுல இந்த மூணடி மட்டும் எப்படிம்மா மிச்சமாச்சு?" என்றார். கதையைச் சொன்னேன். அப்பா கொத்தனார் கூலியில் வாங்கிய மனை. அம்மாவின் வைத்தியத்துக்காக முதலில் ஒரு பாதி போனது, பிறகு மறுபாதி போனது. பின்தெருவிலிருந்து மெயின்ரோட்டுக்குப் போக வழி வேண்டும் என்று நடுவே மூன்றடி அகலம், அறுபதடி நீளம் விட்டது. கல் பாவியதும் அப்பாவே.

புரோக்கர் ஒரு தொகையைச் சொல்லாமல் சீட்டில் எழுதிக் காட்டினார். நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் விளையாட்டுக்கு எழுதியது என்று ஏதாவது இருக்குமோ என்று. இருபத்திரண்டு வருஷமாக நான் தைத்த பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாவற்றின் கூலியையும் கூட்டினால் அதில் கால்வாசி தேறாது.

எனக்கு ஒன்று புரியவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனி பூட்டிவிட்டது. எதிர்வரிசையில் நாலு கடை ஷட்டர் இறங்கிவிட்டது. எல்லாம் கீழே போகும்போது மண் மட்டும் எப்படி மேலே போகிறது? உன் தாடிக்காரர் புத்தகத்தில் இதற்கு ஏதாவது போட்டிருக்கிறதா?

மறக்காமல் கம்பளியைப் போர்த்திக்கொள்.
உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது, உன் அதட்டலுக்குப் பயந்து. மெஷினின் முட்டிக்கு எண்ணெய் போடு, உன் முட்டிக்கும் ஏதாவது தடவு. வழக்கம்போல எங்கள் பம்பு ஃபாக்டரியின் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் இருக்கும் எண்கள் நான் லேத்தில் கடைந்த தண்டுகளின் அளவுகள், பயப்படாதே.

உன் கடிதத்தை சனிக்கிழமை படிப்பு வட்டத்தில் சத்தமாக வாசித்தேன். நாங்கள் ஆறு பேர், தடித்த புத்தகம் ஒன்று, மூன்று வருஷமாக நாற்பதாம் பக்கம். அன்றைக்கு மட்டும் ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அக்கா, உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் யார்டில் பம்புகள் விற்காமல் மூன்று ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. பம்பில் போட்டால் லாபம் வராது என்று தெரிந்த பணம் சும்மா இருக்குமா? ஓடிப்போய் மண்ணில் ஒளிந்துகொள்கிறது. ஊரில் உள்ள பணமெல்லாம் அங்கேயே ஓடினால் விலை ஏறாமல் என்ன செய்யும்? வேலை படுத்துவிட்டதால்தான் மண் எழுந்து நிற்கிறது. இரண்டும் ஒரே விஷயம்.

ஆனால் மண்ணை யாரும் லேத்தில் கடையவில்லையே. அது இருந்தபடியே இருக்கிறது. அப்படியானால் அதில் விலையை வைத்தது யார்? அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, இந்தப் பக்கம் பஸ் டிப்போ, நடுவே பேக்கரி, பள்ளிக்கூடம். அங்கே உழைக்கிற அத்தனை பேரும் சேர்ந்து அந்த இடத்தை இடமாக்கியிருக்கிறார்கள். விலையை மட்டும் பத்திரம் வைத்திருப்பவர் எடுத்துக்கொள்கிறார். எதற்காகக் கொடுக்கிறார்கள் அவருக்கு? "நீ வராதே" என்று அடுத்தவரிடம் சொல்லும் அதிகாரத்துக்காக. மண்ணுக்கு விலை இல்லை அக்கா, வேலிக்குத்தான் விலை. நமக்கு வேலி அந்தப் பெஞ்சு.

ஒருநாள் உட்கார்ந்து பார், எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று. நான் இங்கிருந்து கற்பனை செய்துகொண்டே இருக்கிறேன்.

உடம்பைக் கவனி.
தம்பி


மார்ச் 1

தம்பி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது, உடம்பு சிலிர்த்ததாக எழுதியிருந்தாய், காய்ச்சல் இல்லையே? நான் சுகம்.

நீ சொன்னபடி எண்ணினேன். எனக்குத் தாளில் கோடு போட்டு எண்ண வராது. சந்து முனையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஆளுக்கு ஒரு பொத்தான். காலை ஆறுக்கு ஆஸ்பத்திரி நர்ஸம்மா முதல் பொத்தான். முப்பது வருஷமாக நடக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டே வருவாள் போல. பிறகு மாவு படிந்த பேக்கரிக்காரர்கள், டிப்போ டிரைவர்கள், கூட்டுகிற பெண்கள், காது கேட்காத வாட்ச் ரிப்பேர்காரர். பத்து மணிக்கே சட்டைப் பொத்தான் தீர்ந்தது. கால்சட்டைப் பொத்தான், பிறகு கொக்கி, கடைசியில் நூல்கண்டு. ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.

ஒன்றைப் பார்த்துத்தான் எனக்குக் கண் கலங்கியது. பூட்டிக் கிடக்கிற அட்டைப்பெட்டிக் கம்பெனி ஆட்கள் இன்னும் ஷிஃப்ட் நேரத்துக்குச் சந்தில் நடக்கிறார்கள். "எங்கே போறீங்க?"ன்னு ஒருத்தரைக் கேட்டேன். "தெரியலம்மா, கால் போகுது"ன்னார். அவருக்கும் ஒரு பொத்தான் போட்டேன்.

அறுபதடிக் கல் இத்தனை பேரைத் தாங்குகிறது என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் சந்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். சிரிக்காதே.

புரோக்கர் மறுபடி வந்தார். சீட்டில் தொகை ஏறியிருக்கிறது. "நாங்க ஒண்ணுமே செய்யலையே"ன்னேன். "அதனாலதாம்மா ஏறுது"ன்னார். உட்கார்ந்து தின்றால் மலையும் கரையும் என்பார்கள், இந்தச் சந்து உட்கார்ந்தே மலையாகிறது. அவர் கம்பெனிப் பணத்தை அள்ளி வீசுவதைப் பார்த்தால் ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே கதைதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். தாமதமாக எழுதுகிறேன், வேலை கொஞ்சம் மந்தம், அதற்கேற்றாற்போல ஆளும் மந்தம். உன் முட்டி எப்படி இருக்கிறது?

பொத்தான் கணக்கை நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். புத்தகத்தில் அறுநூறு பக்கம் சொல்வதை நீ ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டாய்.

புரோக்கர் மறுபடி வந்தாரா? எவ்வளவு சொன்னார்?

தம்பி


மே 4

தம்பிக்கு,

ஒரு மாதமாகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருந்தேன், அவர் பாவம். நான் நலம். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வந்திருந்தார், அவரும் நலம்தான். நீ எப்படி என்று உன் கடிதத்தில் எழுதியிருப்பது எனக்குப் போதவில்லை. ஆறே வரி, அதில் இரண்டு புரோக்கரைப் பற்றி.

புரோக்கர் வந்தார், கூடவே கம்பெனி வக்கீலும். தொகை முதல் சீட்டைவிட இரண்டு மடங்கு. ஆனால் ஒரு நிபந்தனை. ஜனங்கள் தடையில்லாமல் நடந்துவந்த பாதை என்றால் நடக்கிறவர்களுக்கே வழி உரிமை வந்துவிடும், பிறகு யாரும் அதை மூட முடியாது. வருஷத்துக்கு ஒரு நாளாவது மூடியிருந்தால்தான் அது சொந்தக்காரர் சொத்து. பத்திர எழுத்தர் அப்பாவிடம் சொல்லித்தான் அந்தப் பெஞ்சு வழக்கமே வந்தது என்பது உனக்குத் தெரியும். ஆகவே, 'வருஷா வருஷம் பெஞ்சைக் குறுக்கே போட்டு ஆட்களைத் தடுத்தோம்' என்று நீயும் நானும் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா இருந்தவரை அவர், கடைசி ஒன்பது வருஷம் நான்.

வக்கீல் தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பிரதி ஒன்றை உனக்கு இத்துடன் வைத்திருக்கிறேன். நான் தொடவில்லை. நீ என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. போன கடிதத்தைக் கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருக்கிறாய். சோதனைத் தாள் என்ன ஆயிற்று?

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ கேட்ட தாள் விஷயம் ஒன்றுமில்லை, தீர்ந்துவிட்டது.

நிறைய யோசித்தேன். கையெழுத்துப் போட்டுவிடலாம் அக்கா.

நான் எழுதியதெல்லாம் நினைவிருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்று நீ சிரிப்பதும் இங்கே கேட்கிறது. ஆனால் நாம் இரண்டு பேர் கையெழுத்துப் போடாவிட்டால் உலகத்தில் மண் விலை இறங்கிவிடுமா? இல்லை. நாம் விற்காவிட்டால் வேறு யாராவது விற்பார்கள். உனக்கு முட்டி போய்விட்டது. இன்னும் எத்தனை வருஷம் மிதிப்பாய்? நீயாவது உட்கார்ந்து சாப்பிடு. நமக்கு இந்த வாழ்நாளில் இப்படி ஒரு சீட்டை யாரும் மறுபடி நீட்டப்போவதில்லை.

பொய்யும் சொல்லவில்லையே. அப்பா பெஞ்சு போட்டார். நீயும் போட்டாய். ஒவ்வொரு ஜனவரியும் 'பெஞ்சு போட்டாயிற்று' என்று எழுதினாயே. உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுவதில் என்ன தப்பு? என் பங்குக்கு நான் போட்டு இத்துடன் அனுப்புகிறேன்.

தம்பி


ஜூலை 9

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

பெஞ்சு போட்டாயிற்று என்று ஒன்பது வருஷம் எழுதினேன். போட்டது நிஜம். தடுத்தது பொய்.

அப்பா போன பிறகு முதல் ஜனவரி. பெஞ்சைக் குறுக்கே போட்டு, அவர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறேகாலுக்கு நர்ஸம்மா ராத்திரி டியூட்டி முடிந்து வந்தாள், கால் வீங்கி, ஷூவின் வாரை அவிழ்த்துவிட்டு. "இன்னிக்கு வழி கிடையாது"ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அவள், "எனக்காகவா பெஞ்சு போட்டீங்க?"ன்னு கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். தம்பி, அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா"ன்னேன்.

அவ்வளவுதான். பின்னால் வந்த பேக்கரிக்காரர்கள் பெஞ்சில் இடம் கேட்டார்கள். டிரைவர்கள் தாண்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் நர்ஸம்மா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். மூன்றாம் வருஷம் ஆளுக்கொரு ஸ்டூல். இப்போது ஜனவரி முதல் ஞாயிறு என்றால் இந்தத் தெருவே நம் சந்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வழியை அடைக்கிற நாள் என்று எனக்கும் உனக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா கொடுத்துவிட்டுப் போன ஒரே வேலை, அதையும் கோட்டை விட்டேன் என்று நீ நினைப்பாய்.

ஆகவே நான் போடும் கையெழுத்து பொய்க் கையெழுத்து.

இப்போது உன் விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். சோதனைத் தாள் தீரவில்லை, ஃபாக்டரி தீர்ந்திருக்கிறது. எப்போது வேலை போயிற்று? சாப்பிடுகிறாயா?

நீ பசியோடு இருக்கிறாய் என்றால் நான் போடுகிறேன். பொய் என் தலையோடு போகட்டும். 'போடு' என்று ஒரு வார்த்தை எழுது. இம்மாதம் முப்பத்தொன்றாம் தேதி பதிவு அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா


ஜூலை 21

அக்கா,

முதலில் உடம்பு. இளைத்திருக்கிறேன், நோய் இல்லை. ஒரு வேளை முழுதாகவும் ஒரு வேளை பாதியாகவும் சாப்பிடுகிறேன். வேலை மார்ச் பன்னிரண்டில் போயிற்று. படிப்பு வட்டத்தில் இப்போது நான் ஒருவன்தான், மற்ற ஐந்து பேரும் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். பசியில்தான் அப்படி எழுதினேன். உன் முட்டியைச் சாக்காக வைத்தேன், மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த அன்று ஃபாக்டரிக்குப் போனேன். மெஷின்களை உரிக்கக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள், ஒருநாள் வேலை. என் லேத்தை நானே அடித்தளத்திலிருந்து கழற்றி லாரியில் ஏற்றினேன். பழைய இரும்பு விலை. பம்புகளும் எடைக்குப் போயின. பிறகு கேட்டுக்கு வெளியே ஒரு பலகை நட்டார்கள். இடம் விற்பனைக்கு. சூப்பர்வைசர் என் காதில் சொன்னார், "முப்பது வருஷம் பம்பு செஞ்சு சம்பாதிச்சதைவிட, பம்பு செய்யாம இருந்தா ஜாஸ்தி கிடைக்குதுப்பா." அவருக்கே வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

லேத் இருந்த இடத்தில் தரை எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அதன் முன்னே இரண்டு இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்து பளபளத்தன. என் பாதங்கள், அக்கா. பதினோரு வருஷம் நின்ற இடம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருமுறை அதில் நின்று பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. இந்தத் தரைக்கு விலை ஏறியிருக்கிறது, இதைத் தேய்த்தவனுக்கு இறங்கியிருக்கிறது. புத்தகத்தில் படித்தபோது புத்தியில் ஏறியது. அன்றைக்குக் கால் வழியாக ஏறியது. பயமாகவும் இருந்தது, மலையின் கீழே நிற்கிற மாதிரி.

நம் கல்லில் ஆயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு ஜோடிப் பாதம்.

கையெழுத்துப் போடாதே. நான் அனுப்பியதைக் கிழித்துவிடு. நீ ஒன்றையும் கோட்டை விடவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 2

தம்பி,

கொஞ்சம் பணம் தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளையும் முழுதாகச் சாப்பிட்டுவிட்டு மேலே படி.

முப்பத்தொன்றாம் தேதி பதிவு அலுவலகத்துக்குப் போனேன், கையெழுத்துப் போடமாட்டேன் என்று நேரில் சொல்ல. துணைக்கு வருகிறேன் என்று நர்ஸம்மா யூனிஃபார்மோடே வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, இந்தப் பக்கம் புரோக்கரும் வக்கீலும். அதிகாரி கேட்டார், "அந்த வழியில் நடந்தவங்க யாரையாவது ஒரு தடவையாவது நிறுத்தினீங்களா?" "இல்லைங்க, உட்கார வச்சேன்"ன்னேன். வக்கீல் எழுந்துவிட்டார். "இவங்க ஒன்பது வருஷம் விட்டிருக்கலாம் சார், இவங்க அப்பா ஒழுங்கா மூடியிருக்கார். அதுக்கு முன்னாடி இருந்த உரிமை போகாது"ன்னார்.

அப்போது நர்ஸம்மா சிரித்தாள். அந்த அறையில் அப்படிச் சிரிக்கக் கூடாது, ஆனால் சிரித்தாள்.

"அவரா? பெஞ்சைச் சுவரோரமாப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பார் சார். பத்து மணிக்குப் பத்திர எழுத்தர் பார்க்க வருவார். அவர் தலை தெருமுனையில தெரிஞ்சா, பெஞ்சைக் குறுக்கே திருப்புவார். எங்களையெல்லாம் ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கச் சொல்வார். எழுத்தர் தலையை ஆட்டிட்டுப் போனதும் மறுபடி சுவரோரம். நாங்க அந்த ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம நிப்போம், சிரிப்பு வந்துடும்னு."

தம்பி, நாம் இரண்டு பேரும் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அப்பா ஏன் கண்டிப்பாகச் சொன்னார் என்று இப்போதுதான் தெரிகிறது. நாம் உளறிவிடுவோம் என்று.

அதிகாரி பேனாவை மூடிவைத்துவிட்டு, "அப்படின்னா அது பொதுவழிதான், எப்பவுமே"ன்னார். புரோக்கர் பையை மூடினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த க்ளிக் சத்தத்தோடு அத்தனை தொகையும் போயிற்று. எங்கே போயிற்று என்று நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன், விளையாட்டாக இல்லை, நிஜமாகவே. ஏழு மாதமாக ஏறிக்கொண்டே போன அந்த விலை ஒரு கதவுக்கு. அந்தக் கதவு ஒருநாளும் இருந்ததே இல்லை. வீட்டுக்கு வரும்போது சந்தில் நடந்து வந்தேன். கல் அப்படியேதான் இருக்கிறது. ஒரு கல்கூட மலிவாகவில்லை.

நானும் ஒன்றை உன்னிடம் மறைத்தேன். மே மாதம் வீட்டுக்காரர் வந்தது நலம் விசாரிக்க இல்லை. பக்கத்து மனைகளின் விலையைக் காட்டி வாடகையை ஒன்றரை மடங்காக்கினார். என்னால் முடியவில்லை. போன வாரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்தெருவில் நர்ஸம்மா வீட்டுப் பின்னறைக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குத் துணி கொண்டுபோக வர, தினமும் நாலு தடவை சந்தில் நடக்கிறேன். இனி நானும் ஒரு பொத்தான்.

அறையில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. டிப்போவில் பழுது பார்க்கிற பட்டறையில் லேத் ஓட்ட டர்னர் வேண்டும் என்று டிரைவர்கள் சொன்னார்கள். நிச்சயம் இல்லை, கேட்கத்தான் வேண்டும். கிளம்பி வா.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பணம் வந்தது, வயிறு நிறைந்தது. பழைய சட்டைப் பையில் சோதனைத் தாள் ஒன்று மிஞ்சியிருந்தது, இதுதான் கடைசி. முன்பக்கத்து அளவுகளைப் பார், எல்லாம் சரியாக வந்திருக்கின்றன.

அப்பாவை நினைத்து இரண்டு நாளாகத் தனியாகச் சிரிக்கிறேன். அறைக்காரர்கள் எனக்குப் பசி மயக்கம் என்று நினைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ரயில். சனிக்கிழமை காலை ஆறரைக்கு மெயின்ரோட்டில் பஸ்ஸைவிட்டு இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வராதே, உன் முட்டி பாவம். வீடு எங்கே என்று யாரையும் கேட்கப்போவதில்லை, சந்து வழியாகத்தான் வருவேன். நீ மெஷினை முனையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திரு. தகரப் பெட்டியைப் பக்கத்தில் வை. நான் கடந்ததும் எனக்கு ஒன்று போடு.

தம்பி